அறியாமல் வந்ததும் அறிந்து வைத்ததும்

ஒரு காலத்தில் நம் வடசென்னை மக்களுக்குத் திரைப்படம் என்றால் கொட்டகை என்றே பொருள். 1980-களில் அது வீட்டுக்குள் வந்தது. வாடகைக்கு எடுத்த டெக்கும் நான்கு கேசட்டுகளும் ஓர் இரவுக்கு வரும். தெருவே கூடி விடிய விடியப் பார்க்கும். பின்னர் பர்மா பஜாரில் குறுந்தகடுகள் குவிந்தன. அதன்பின் கல்மண்டபம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என எங்கும் கைப்பேசிக் கடைகள் தோன்றின. சிறு தொகைக்கு மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றித் தரும் வழக்கம் பரவியது. இன்று கடைக்கும் போகவேண்டியதில்லை. படுக்கையில் இருந்தபடியே விரலால் தொட்டால் போதும். உலகின் எந்த மூலையில் இருப்பதும் கைக்குள் வந்து இறங்கிவிடுகிறது.

இந்த நாற்பது ஆண்டுகளில் கருவிகள் மாறின. ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. வருவது எங்கிருந்து வருகிறது, யார் உடைமை, உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேசட்டுக் காலத்தில் அதனால் விளைந்த தீங்கு பெரும்பாலும் ஒரு படத் தயாரிப்பாளரின் நட்டத்தோடு நின்றது. இன்று அப்படியன்று. ஒரு குடும்பத்தின் நற்பெயரையும், ஒரு மகனின் எதிர்காலத்தையும், எங்கோ கண்ணீர் வடிக்கும் ஒரு குழந்தையின் மானத்தையும் அது தொடுகிறது. இதைக் குறித்துப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனினும் குடும்பங்களின் கையில் தவழும் இந்த ஏட்டில் பேசாவிடின் வேறெங்கு பேசுவது?

அம்பத்தூர் வழக்கு

நமக்கு அருகிலேயே, அம்பத்தூரில், 2020-ஆம் ஆண்டு சனவரியில் ஒரு வழக்குப் பதிவாயிற்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வழியாக வந்த தகவலின் பேரில், 28 வயதுடைய ஓர் இளைஞரின் கைப்பேசியைக் காவல்துறையினர் கைப்பற்றித் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பினர். சிறார் பாலியல் கொடுமைக்கு ஆளாவதைக் காட்டும் இரு காணொளிகள் அதில் இருந்தன. அவர் யார் என்பது நமக்கு வேண்டியதில்லை. அவர் சார்பில் எடுத்துரைக்கப்பட்ட வாதங்களே நாம் கவனிக்கவேண்டியவை: அவை வாட்ஸ்அப் வழியே தாமாக இறங்கியவை, எவருக்கும் அனுப்பப்படவில்லை, இப்படியொரு சட்டம் இருப்பதும் தெரியாது.

2024 சனவரி 11 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்கை ரத்துச் செய்தார். பிறருக்கு அனுப்பாமல் தனியே பதிவிறக்கிப் பார்த்தது மட்டும் சட்டப்படி குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். செய்தி பரவியதும், ‘பார்த்தால் தவறில்லையாம்’ என்று பலர் பெருமூச்சு விட்டனர். அந்த ஆறுதல் ஒன்பது மாதங்கூட நிலைக்கவில்லை. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா ஆகிய இருவர் அமர்வு அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்து, வழக்கைத் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றத்திற்குத் திருப்பி அனுப்பியது.

இங்கே ஒன்றை நேர்மையுடன் சொல்லவேண்டும். உச்ச நீதிமன்றம் அந்த இளைஞரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. விசாரணை நடந்து உண்மை வெளிப்படட்டும் என்றே கூறிற்று. ஆயினும், ‘தானாக வந்தது’ என்று சொன்ன மாத்திரத்தில் வழக்கு முடிந்துவிடாது என்பது நாடு முழுவதற்கும் தெளிவாகிவிட்டது. அம்பத்தூரில் தொடங்கிய வழக்கு இந்தியா முழுவதற்கும் சட்டமாயிற்று.

தானாக வருவது எப்படி?

‘நாங்கள் தேடிப் போகவில்லை சுவாமி, அதுவாகவே வந்தது’ என்று பெற்றோர் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்வதாக நாம் கருதவேண்டியதில்லை. அப்படி வருவதற்கு மெய்யாகவே வழிகள் உண்டு.

முதல் வழி, வாட்ஸ்அப் குழுக்கள். தெருவின் கால்பந்து அணிக்கு ஒரு குழு, கேரம் கழகத்திற்கு ஒன்று, படகுத் தொழிலாளருக்கு ஒன்று, கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு ஒன்று, நம் பக்த சபைகளுக்கும் ஒன்று. குழுவில் யாரோ ஒருவர் எதையோ போடுகிறார். நாம் மாற்றி அமைக்காவிடில் படங்கள் தாமாகவே கைப்பேசியில் இறங்கிச் சேமிக்கப்படும். வைஃபை இணைப்பில் இருக்கும்போது காணொளிகளும் அவ்வாறே இறங்கும். உறங்கும் வேளையில் நூறு படங்கள் இறங்கினாலும் நமக்குத் தெரியாது.

இரண்டாம் வழி, டாரண்ட் எனப்படும் கோப்புப் பகிர்வு வலைகள். புதுப்படம் வெளியான மறுநாளே இளைஞர்கள் இதை நாடுகின்றனர். இது இயங்கும் விதத்தை அறிந்தோர் சிலரே. இங்கே ஒரு படம் ஒரே இடத்திலிருந்து முழுமையாக வருவதில்லை. நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரிந்து, பலருடைய கணினிகளிலிருந்து வந்து சேருகிறது. நமக்கு ஒரு துண்டு வந்தவுடன், அதே துண்டு நம் கருவியிலிருந்து மற்றவர்களுக்குச் செல்லத் தொடங்குகிறது. அதாவது, வாங்குபவரே அக்கணமே வழங்குபவரும் ஆகிவிடுகிறார். பையன் படம் பார்க்கத்தான் இறக்கினான்; அவன் அறியாமலேயே அவனுடைய கருவி பரிமாறிக்கொண்டிருக்கிறது. மேலும், அவ்வலையில் உள்ள அனைவருக்கும் அவன் இணைப்பின் ஐ.பி. முகவரி வெளிப்படையாகத் தெரியும். அந்த முகவரி அவனைக் காட்டாது. இணைப்பு யார் பெயரில் வாங்கப்பட்டதோ அவரைக் காட்டும். பல இல்லங்களில் அது தந்தையின் பெயர்.

அவ்வலைகளில் கோப்பின் பெயரை நம்பவும் இயலாது. திரைப்படத்தின் பெயரைச் சூட்டி உள்ளே வேறெதையோ வைப்பது அங்கே சர்வசாதாரணம். மீன்கூடையின் மேலே வஞ்சிரம் வைத்து அடியில் அழுகியதை மறைக்கும் வியாபாரியை நாம் மூக்கால் கண்டுபிடித்துவிடுவோம். இங்கே முகர்ந்து பார்க்க வழியில்லை.

மூன்றாம் வழி, பழைய கைப்பேசிகளும் மெமரி கார்டுகளும். பிறர் பயன்படுத்தியதை மலிவாக வாங்கும்போது, முந்தியவர் வைத்திருந்ததெல்லாம் நம்முடையதாகிவிடுகிறது.

காவல்துறைக்கு எப்படித் தெரிகிறது?

‘கோடிக்கணக்கானோர் பயன்படுத்துகின்றனர்; நம்மை யார் கண்டார்?’ என்று இளைஞர் எண்ணுவதுண்டு. அந்த எண்ணம் தவறு. அமெரிக்காவில் 1984-ல் நிறுவப்பட்ட, காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் என்னும் அமைப்பு உண்டு. அந்நாட்டின் இணைய நிறுவனங்கள் தங்கள் சேவைகளில் இத்தகைய படங்களைக் கண்டால் அம்மையத்திற்கு அறிவித்தாகவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ஏற்கெனவே அறியப்பட்ட படம் ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஓர் எண் அடையாளம் உண்டு. அதை ஒப்பிட்டு இயந்திரமே கண்டுபிடித்துவிடுகிறது. 2019 ஏப்ரலில் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அம்மையத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அன்றுமுதல் இந்தியா தொடர்பான தகவல்கள் இங்கு வந்து, அந்தந்த மாநிலக் காவல்துறைக்கு அனுப்பப்படுகின்றன. அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டில் நடவடிக்கை தொடங்கி, திருச்சியில் ஒருவர் கைதானதை வாசகர்கள் நினைவிற்கொண்டிருக்கலாம்.

அண்டை மாநிலமான கேரளத்தில் ‘பி-ஹண்ட்’ என்னும் பெயரில் காவல்துறையினர் பலமுறை ஒரே நாளில் மாநிலமெங்கும் தேடுதல் நடத்திக் கைது செய்துள்ளனர். 2022 செப்டம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறை ‘மேக சக்ரா’ என்னும் பெயரில் பல மாநிலங்களில் சோதனையிட்டது. கைப்பேசியில் வைக்காமல் இணையச் சேமிப்பில் வைத்தால் தப்பலாம் என்று எண்ணியோரும் அதில் அகப்பட்டனர்.

சட்டம் கூறுவது

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. இதன் 15-ஆம் பிரிவு முதலில் வணிக நோக்கத்தோடு இத்தகைய படங்களைச் சேமிப்பதை மட்டுமே தண்டித்தது. 2019-ல் அது திருத்தப்பட்டு மூன்று படிகளாக விரிந்தது. பிறருக்கு அனுப்பும் எண்ணத்தோடு வைத்திருந்து, அழிக்காமலும் அறிவிக்காமலும் விடுபவருக்கு, முதல் முறை 5,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும், மறுமுறை 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பரப்புவதற்காக வைத்திருந்தால் மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வணிகத்திற்காக வைத்திருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு இதனினும் கடுமையானது. இத்தகைய படங்களை வெளியிடுவது, அனுப்புவது மட்டுமன்றி, தேடுவது, பதிவிறக்குவது ஆகியவற்றையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் முறை ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு.

‘அனுப்பும் எண்ணம் எனக்கில்லையே’ என்று ஒருவர் கூறலாம். எண்ணம் உள்ளத்தில் இருப்பது. அதை நடத்தையினின்றே அறிய இயலும் என்பது உச்ச நீதிமன்றத்தின் விளக்கம். வந்ததை அழிக்கவுமில்லை, அறிவிக்கவுமில்லை என்றால் அந்த நடத்தையே அவருக்கு எதிராக நிற்கும். மேலும், போக்சோ சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி, குற்ற மனம் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லையென்று ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர்மீது விழும். வழக்கமான குற்ற வழக்குகளுக்கு இது நேர்மாறானது.

அறியாமல் திறந்தவரின் நிலை என்ன? இதையும் உச்ச நீதிமன்றம் எடுத்துப் பேசியுள்ளது. யாரோ அனுப்பிய இணைப்பை என்னவென்று தெரியாமல் ஒருவர் திறக்கிறார். கண்டவுடன் மூடிவிட்டால், அவர் அதை வைத்திருந்தார் என்று சொல்ல இயலாது. ஆனால் இன்னதென்று தெரிந்தபின்னும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், கைப்பேசியில் சேமிக்காவிட்டாலும், அவர் அதை வைத்திருந்தவரே ஆவார். மூடியதோடும் கடமை முடிந்துவிடுவதில்லை. உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தால்தான் பொறுப்பினின்று முழுமையாக விடுபடுவார். 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் 11-ஆம் விதியும் இதையே பணிக்கிறது. இத்தகைய படம் வந்தால், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ, தேசிய இணையக் குற்றத் தளத்துக்கோ அறிவிக்கவேண்டும்.

அஞ்சுவோருக்கு ஒரு தைரியமும் சட்டத்திலேயே உள்ளது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர்மீது அந்தத் தகவலுக்காக எந்த வழக்கும் தொடுக்கமுடியாது என்று போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு உறுதி கூறுகிறது.

திரைப்படத் திருட்டும் இதுவும் ஒன்றல்ல

நம் இளைஞர்களிடையே நிலவும் ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடுவது நல்லது. 2016 ஆகஸ்டில், முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தால் ஓர் எச்சரிக்கை தோன்றியது; பார்த்தாலே மூன்றாண்டு சிறையும் மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் என்று அது அச்சுறுத்தியது. நாடெங்கும் பீதி எழுந்தது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், திருட்டுப் பிரதியைப் பார்ப்பது குற்றமாகாது, அனுமதியின்றிப் பரப்புவதும் பொதுவில் காட்டுவதும் விற்பதுமே குற்றம் என்று விளக்கி, அந்த வாசகத்தை மாற்றச் செய்தார். ‘பார்ப்பது குற்றமல்ல’ என்னும் அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்று பலர் நம்பிவிட்டனர்.

அது திரைப்பட உரிமை பற்றிய சொல். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களுக்கு அது ஒருபோதும் பொருந்தாது. அங்கே களவாடப்படுவது ஒரு தயாரிப்பாளரின் பணம். இங்கே களவாடப்படுவது ஒரு குழந்தையின் வாழ்வு.

திரைப்படத்திலுங்கூட டாரண்ட் வழியே இறக்குவோர் தாமே வழங்குவோரும் ஆவதால், ‘பார்த்தேன், பரப்பவில்லை’ என்னும் மறுமொழி அவர்களுக்கு எளிதில் உதவாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தமிழகத்திலோ 2004-லிருந்து திருட்டு வீடியோ தொழில் செய்வோரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழும் சிறையில் வைக்கலாம். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அது நம்முடையதாகிவிடாது. ஏழாம் கட்டளை கைப்பேசிக்கு விலக்கு அளிக்கவில்லை.

மனச்சான்றின் தராசு

சட்டத்தைவிட்டு, இப்போது மனச்சான்றின் முன் நிற்போம். சாவான பாவத்திற்கு மூன்று காரியங்கள் வேண்டும் என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் கற்றோம்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவமாகாது. ஆகவே, நள்ளிரவில் நாம் அறியாமல் கைப்பேசியில் வந்து விழுந்த படம் நம் ஆன்மாவைக் கறைப்படுத்துவதில்லை. கள்ளன் மதில்மேல் எறிந்துவிட்டுப்போன பொருளுக்கு வீட்டுக்காரர் பொறுப்பாளி அல்லர். கூச்ச சுபாவமுள்ள, நுண்ணிய மனச்சான்று கொண்ட நல்லோர் வீணாக வருந்தவேண்டாம் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறோம்.

ஆனால் காலையில் எழுந்து பார்த்து, இன்னதென்று தெரிந்த அந்த நொடியில் நிலைமை மாறிவிடுகிறது. அதன்பின் அது ‘தானாக வந்தது’ அல்ல, நாம் வைத்திருப்பது. பார்ப்பதும், வைப்பதும், நண்பனுக்கு அனுப்புவதும் நம்முடைய சுயேச்சையான செயல்கள். வந்தது தற்செயல், வைத்தது மனச்செயல். நீதிபதிகள் பல பக்கங்களில் ஆராய்ந்து எய்திய முடிவும், நம் பாட்டிமார் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த பாடமும் இந்த இடத்தில் ஒன்றாகச் சேருவது வியப்புக்குரியது.

இன்னொன்றும் உண்டு. அறியாமை இருவகை என்று ஒழுக்கவியல் கூறும். எவ்வளவு முயன்றும் அறிய இயலாத அறியாமை மன்னிக்கத்தக்கது. கேட்டால் தெரிந்துகொள்ளலாம், ஆயினும் கேட்க மனமில்லை என்னும் அறியாமை அப்படியன்று. எது வந்தாலும் இறக்கும் டாரண்டைத் திறந்து வைத்துவிட்டு, அழுக்கு வந்தபின் ‘எனக்கென்ன தெரியும்’ என்பது இரண்டாம் வகை. பாவ சந்தர்ப்பத்தை விலக்கவேண்டும் என்று திருச்சபை கற்பிப்பது இதனாலேயே.

இவ்விஷயத்தில் திருச்சபை பிறருக்கு மட்டும் போதிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய திருச்சபைச் சட்டத்தின் 1398-ஆம் விதி, சிறாரின் ஆபாசப் படங்களை எந்தத் தொழில்நுட்பத்தின் வழியாயினும் பெறுவதையும் வைத்திருப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்கி, குருக்களாகிய நம்மையே முதலில் கட்டுகிறது. திருச்சபையில் பொறுப்பு வகிக்கும் துறவியரையும் பொதுநிலையினரையும் அது கட்டுப்படுத்துகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2017 அக்டோபரில் உரோமையின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் இணைய உலகில் குழந்தைகளின் மாண்பைக் குறித்துக் கூடிய உலக மாநாட்டினரைச் சந்தித்து, இத்தீமையைக் கண்டும் காணாதிருத்தல் ஆகாது என வற்புறுத்தினார். சிறியோருக்கு இடறலாவோரைப் பற்றி ஆண்டவர் எந்திரக் கல்லைச் சுட்டிக் கூறிய எச்சரிக்கையை நாம் அனைவரும் அறிவோம்.

படத்துக்குப் பின்னால் ஒரு பிள்ளை

உச்ச நீதிமன்றம் அதே தீர்ப்பில் இன்னொன்றும் செய்தது. ‘குழந்தை ஆபாசப்படம்’ என்னும் சொல்லை இனி நீதிமன்றங்கள் பயன்படுத்தலாகாது என்றும், ‘சிறார் பாலியல் சுரண்டல் மற்றும் கொடுமைப் பொருள்’ என்றே வழங்கவேண்டும் என்றும் கூறி, நாடாளுமன்றமும் சட்டத்தில் அவ்வாறே மாற்றுமாறு பரிந்துரைத்தது. இது வெறும் சொல் மாற்றமன்று. ஆபாசப்படம் என்றால், இசைந்து நடித்த ஒருவரின் படம் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. குழந்தைக்கு இசைவு ஏது? அங்கே நடந்தது குற்றம். படம் அக்குற்றத்தின் பதிவு. ஒவ்வொரு முறை அது கைமாறும்போதும் அந்தப் பிள்ளை மறுபடியும் அவமானப்படுகிறாள். வளர்ந்து பெரியவளான பின்னும், தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் தன் படத்தைப் பார்த்தவராய் இருப்பாரோ என்று அஞ்சி வாழ்கிறாள்.

இவ்வாறு நோக்கினால், ‘நான் பார்த்ததனால் யாருக்கு என்ன நட்டம்?’ என்னும் கேள்வி தானே விழுந்துவிடும். பார்ப்பவர் இருப்பதனால்தான் எடுப்பவர் இருக்கிறார். வாங்குவாரற்ற சந்தை மூடப்படும்.

இல்லத்தில் செய்யவேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். சிலவற்றை இன்றே செய்யலாம்.

முதலாவதாக, வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் வாட்ஸ்அப் அமைப்புகளுக்குச் சென்று, சேமிப்பு, டேட்டா என்னும் பகுதியில், ஊடகங்கள் தாமாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. தனியுரிமைப் பகுதியில், நமக்குத் தெரிந்தவர்கள் மட்டுமே நம்மைக் குழுக்களில் சேர்க்கலாம் என்றும் அமைத்துவிடுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாவிடில் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கலாம். அந்தச் சாக்கில் இதைப் பற்றிய பேச்சும் தொடங்கும்.

இரண்டாவதாக, டாரண்ட் செயலிகள் இருப்பின் நீக்குங்கள். பழைய கைப்பேசியோ மெமரி கார்டோ வாங்கினால், பயன்படுத்துமுன் உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிடுங்கள்.

மூன்றாவதாக, இத்தகைய படம் வந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். ‘பார், என்ன அக்கிரமம்’ என்று சொல்வதற்காகக்கூட அதை எவருக்கும் அனுப்பாதீர்கள். பங்குக் குருவுக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய கணமே நாமும் பரப்பியவர் ஆகிவிடுவோம். நகல் எடுத்து வைக்கவும் வேண்டாம். எந்த எண்ணிலிருந்து, எந்தக் குழுவில், எந்த நாளில், எத்தனை மணிக்கு வந்தது என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்திலோ, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்னும் தேசியத் தளத்திலோ தாமதமின்றி அறிவியுங்கள். அத்தளத்தில் நம் பெயரைச் சொல்லாமலேயே அறிவிக்க வழி உண்டு. பின்னர் அந்தக் குழுவை விட்டு வெளியேறுங்கள். ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்னும் எண்ணை அழைக்கலாம்.

நான்காவதாக, குழுக்களின் நிர்வாகிகளாய் இருப்போர், இளைஞர் குழுவாயினும் பக்த சபையாயினும், தகாததைப் போடுபவரை நட்புக்காகப் பொறுத்துக்கொள்ளவேண்டாம். இங்கே தாட்சண்யம் புண்ணியமாகாது.

ஐந்தாவது, எல்லாவற்றினும் முக்கியமானது. பிள்ளை அச்சமின்றி வந்து சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்கவேண்டும். ‘அப்பா, என் போனில் இப்படியொன்று வந்திருக்கிறது’ என்று பதினைந்து வயது மகன் சொன்னால், முதல் மறுமொழி அடியாக இருந்தால், அடுத்த முறை அவன் சொல்லமாட்டான்; மறைப்பான். மறைப்பதே சட்டத்தின் முன் வைத்திருப்பதாகிவிடுகிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை தவறிவிட்டாலும், அவனைத் திருத்தும் நோக்கோடு சிறார் நீதிச் சட்டத்தின் கீழ்தான் விசாரிப்பார்கள். 18 கடந்தவனுக்கு அச்சலுகை இல்லை. நம் பகுதி இளைஞரில் எத்தனையோ பேர் கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை தேடுகின்றனர். நீதிமன்றத்தில் ஒரு குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். ஒரு நிமிட விபரீத ஆவலுக்குக் குடும்பமே கொடுக்கும் விலை அது.

ஏற்கெனவே இந்தப் பழக்கத்துக்கு அடிமையாகித் தவிப்போர் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அவமானத்தால் இருளில் ஒளிந்துகொள்ளவேண்டாம். பாவசங்கீர்த்தனத் தொட்டி உங்களுக்காகவே திறந்திருக்கிறது. மனநல மருத்துவரின் உதவி பெறுவதும் விசுவாசக் குறைவாகாது. மன்னிப்புப் பெற்றவர் தீமையின் கருவியையும் கையிலிருந்து அகற்றவேண்டும் என்பதே மெய்யான மனஸ்தாபத்தின் அடையாளம்.

முன்பெல்லாம் வீட்டுத் தலைவாசலில் சிலுவை அடையாளமிட்டு, உள்ளே வருவது இன்னதென்று பார்த்து அனுமதித்தோம். இன்று நம் வீட்டுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. அது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. அதற்கும் காவல் வேண்டும். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடியவர்களிடமிருந்து இரவோடிரவாக அவரைத் தூக்கிச்சென்று காத்த புனித சூசையப்பர், நம் இல்லத்துப் பிள்ளைகளையும், முகமறியாத ஊர்களில் துன்புறும் பிள்ளைகளையும் காக்க மன்றாடுவாராக. இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், செபமாலையைக் கீழே வைக்குமுன், அந்த இரண்டு நிமிட வேலையை முடித்துவிடுங்கள்.